உணரிகள் தங்கள் செய்திக்கு வழி தேடுவது எப்படி?

சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கோல்டன் கேட் பாலத்தில் 2006ஆம் ஆண்டில் உணரிகள் எனப்படும் 64 சிறிய அளவீட்டுக் கருவிகள் பொருத்தப்பட்டன. காற்று வீசும்போதும் வாகனங்கள் ஓடும்போதும் பாலம் எவ்வளவு அதிர்கிறது என்று அளப்பதற்காகப் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த ஏற்பாடு அது. கருவிகளை இணைக்க அவர்கள் கம்பி எதையும் இழுக்கவில்லை. ஒவ்வொரு கருவியும் பேட்டரியில் இயங்கி, தான் அளந்ததை ரேடியோ அலையில் பக்கத்துக் கருவிக்கு அனுப்பும். அது தனக்கு அடுத்ததற்கு அனுப்பும். இப்படியே போய், மறுகோடியிலிருந்த கருவியின் அளவீடு சேகரிக்கும் கணினியை அடைவதற்குள் 46 முறை கைமாறியது.

கட்டட வேலையில் ஆட்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றுவதைப் பார்த்திருப்போம். ஏறக்குறைய அதே முறைதான் இதுவும். ஆனால் செங்கல் கைதவறினால் சத்தம் கேட்கும். ரேடியோச் செய்தி தவறினால் அனுப்பியவருக்கும் தெரியாது, பெறவேண்டியவருக்கும் தெரியாது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் நூறு செய்திகளில் 95 போய்ச் சேருகின்றன என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. தவறியதை மறுபடி அனுப்பும் ஏற்பாடு இல்லையென்றால், அத்தகைய 46 கைமாற்றங்களின் முடிவில் நூற்றுக்கு ஒன்பது செய்திகளே மிஞ்சும். ஒவ்வொரு முறையும் 99 போய்ச் சேர்ந்தால்கூட முடிவில் 63தான் தேறும். செய்தி எந்தெந்தக் கருவிகள் வழியாகப் போகவேண்டும் என்று தீர்மானிக்கும் வேலையை வழிச்செலுத்தல் என்கிறோம். கம்பியில்லா உணரி வலையமைப்புகளில் இந்த வேலை ஏன் இத்தனை ஆண்டுகளாகத் திருத்தப்பட்டுக்கொண்டே வருகிறது என்பது இந்தச் சிறு கணக்கிலேயே ஓரளவு விளங்கிவிடும்.

கணுவின் கையிருப்பு

வலையமைப்பிலுள்ள கருவி ஒவ்வொன்றையும் கணு என்று அழைப்பது வழக்கம். எல்லாக் கணுக்களின் தகவலும் வந்து சேரும் இடத்தைச் சேகரிப்பு முனை எனலாம். ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குச் செய்தி கடப்பது ஒரு தாவல். ஒரு கணுவின் ரேடியோவுக்கு எட்டும் தொலைவிலுள்ள மற்றவை அதன் அண்டைக் கணுக்கள். இந்த நான்கு சொற்களை வைத்துக்கொண்டே பெரும்பாலானவற்றைப் பேசிவிடலாம்.

இவ்வகைக் கணு எவ்வளவு எளிய கருவி என்பதை மனத்தில் வாங்கிக்கொள்ளாமல் மேலே செல்ல முடியாது. ஆய்வுக்கூடங்களில் நெடுங்காலம் புழங்கிய டெலாஸ்-பி என்ற கணுவை எடுத்துக்கொள்வோம். அதில் தற்காலிக நினைவகம் 10 கிலோபைட். நிரலை வைத்துக்கொள்ள 48 கிலோபைட். ரேடியோவின் வேகம் விநாடிக்கு 250 கிலோபிட். மின்சாரத்துக்கு இரண்டு ஏஏ பேட்டரிகள். கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் இத்தகைய நூற்றுக்கணக்கான கணுக்களின் நினைவகத்தை நிரப்பிவிடும். அண்டைக் கணு ஒவ்வொன்றையும் பற்றி நான்கைந்து எண்களைக் குறித்துவைப்பதற்கே இடம் பார்த்துச் செலவழிக்கவேண்டிய நிலை.

மின்சாரத்தின் கதை இன்னும் கடினமானது. டெலாஸ்-பியின் ரேடியோ, செய்தி அனுப்பும்போது சுமார் 17 மில்லி ஆம்பியரும், வெறுமனே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும்போது சுமார் 19 மில்லி ஆம்பியரும் இழுக்கும். பேசுவதைவிடக் கேட்பதற்கு அதிகச் செலவு என்பது புதிதாகப் படிப்பவர்களுக்கு வியப்பாக இருக்கும்; தொலைதூரம் அனுப்பும் பெரிய ரேடியோக்களைக் கண்டு பழகிய மனம் அதற்கு நேர்மாறாகத்தான் எதிர்பார்க்கும். 2500 மில்லி ஆம்பியர்-மணிக் கொள்ளளவுள்ள பேட்டரிகளைப் போட்டு ரேடியோவை ஓயாமல் திறந்துவைத்தால், ஐந்தரை நாளில் கணு அணைந்துவிடும். நூறில் ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்துவைத்தால், மற்றச் செலவுகளை விட்டுவிட்டுப் பார்க்கும்போது, ஒன்றரை ஆண்டு தாங்கும். ஆகவே நல்ல வழியைக் கண்டுபிடிப்பதோடு காரியம் முடிந்துவிடாது. அதைக் கண்டுபிடிப்பதற்காகக் கணுக்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் பேச்சும் அதே பேட்டரியிலிருந்துதான் போகிறது. இணையத்தில் செய்திகளுக்கு வழிகாட்டும் திசைவிகள் (ரூட்டர்கள்) ஒன்றுக்கொன்று இடைவிடாமல் வழி அட்டவணைகளைப் பரிமாறிக்கொள்வதைப்போல இங்கே செய்யத் துணிந்தால், வழியைத் துல்லியமாக அறிந்துகொண்ட நிலையில் வலையமைப்பு உயிரை விட்டிருக்கும்.

தாவலை எண்ணியவர்கள் கண்ட ஏமாற்றம்

எந்த அறிவும் தேவைப்படாத முறை வெள்ளம்போல் பரப்புவது. செய்தியைக் கேட்ட ஒவ்வொரு கணுவும் அதை ஒருமுறை திரும்பச் சொல்லும். எப்படியும் அது சேகரிப்பு முனையை எட்டும். ஆனால் ஒரு வெப்பநிலை அளவைச் சொல்வதற்கு நூறு கணுக்கள் நூறு முறை கத்தவேண்டும் என்பதால், அவசர அறிவிப்புகளுக்கு அன்றி நாள்தோறும் நடக்கும் சேகரிப்புக்கு அது கட்டுப்படியாகாது.

அடுத்துத் தோன்றும் எண்ணம் மரம் அமைப்பது. சேகரிப்பு முனை முதலில் தன்னை அறிவிக்கும். அதை நேரடியாகக் கேட்ட கணுக்கள் தங்களை ஒரு தாவல் தொலைவில் இருப்பவை என்று அறிவிக்கும். அவற்றைக் கேட்டவை இரண்டு தாவல் என்று அறிவிக்கும். ஒவ்வொரு கணுவும் தன்னைவிடக் குறைந்த எண்ணுள்ள ஓர் அண்டையைத் தாய்க்கணுவாக வைத்துக்கொண்டு, தனக்கு வரும் செய்திகளையெல்லாம் அதனிடம் தள்ளிவிடும். காகிதத்தில் இதைவிட அழகான முறை கிடையாது. நினைவகமும் குறைவு, பேச்சும் குறைவு, தாவல்களின் எண்ணிக்கையும் இயன்ற அளவுக்குக் குறைவு.

களத்தில் வைத்துப் பார்த்தபோது இது மோசமான வழிகளைத் தேடித் தேடிப் பிடித்தது. காரணம் ரேடியோ அலையின் இயல்பில் இருக்கிறது. பாடநூல்களில் ஒவ்வொரு கணுவைச் சுற்றியும் ஒரு வட்டம் வரைந்து, வட்டத்துக்குள் இருந்தால் கேட்கும், வெளியே போனால் கேட்காது என்று காட்டுவார்கள். அளந்து பார்த்தவர்களுக்கோ அப்படிப்பட்ட வட்டம் எதுவும் அகப்படவில்லை. பெர்க்லியில் அலெக் வூ, டெரன்ஸ் டாங், டேவிட் கல்லர் ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு, அருகில் ஏறக்குறைய எல்லாச் செய்தியும் சேரும் ஒரு பகுதியையும், வெகு தொலைவில் எதுவும் சேராத ஒரு பகுதியையும், இவற்றுக்கு நடுவே அகலமான ஓர் இடைப்பகுதியையும் காட்டியது. இடைப்பகுதியில் ஒரே தொலைவிலுள்ள இரண்டு கணுக்களில் ஒன்றுக்குத் தொண்ணூறு சதவீதம் கேட்கும். மற்றொன்றுக்குப் பத்து சதவீதம்தான் கேட்கும். ஒரே இணைப்பு காலையில் நன்றாக இருந்து மாலையில் கெட்டுப்போகவும் கூடும்.

இப்போது தாவலை எண்ணும் முறை என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். குறைந்த தாவல் வேண்டுமென்றால் ஒவ்வொரு தாவலும் நீளமாக இருக்கவேண்டும். நீளமான தாவல்கள் எல்லாம் அந்த இடைப்பகுதியில்தான் விழுகின்றன. சேகரிப்பு முனையின் அறிவிப்பு ஏதோ ஒரு நல்ல நேரத்தில் ஒரேயொரு முறை எட்டிவிட்டால் போதும். அந்தத் தொலைதூரக் கணு தன்னை ஒரு தாவல் தொலைவில் இருப்பதாக நம்பி, அதன்பிறகு தன் செய்திகளையெல்லாம் காற்றில் வீசிக்கொண்டிருக்கும். முறையில் பிழை ஏதும் இல்லை. அது எண்ணிய பொருள்தான் தவறு.

எத்தனை முறை அனுப்பவேண்டியிருக்கும்?

திருத்தம் அதே 2003ஆம் ஆண்டில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலிருந்து வந்தது. டக்ளஸ் டி கூட்டோவும் அவருடைய குழுவினரும் கூரைகளிலும் அறைகளிலும் வைத்த கம்பியில்லா வலையமைப்புக்காக ஓர் அளவுகோலை முன்வைத்தார்கள். அதன் பெயர் இ.டி.எக்ஸ். ஒரு செய்தி இணைப்பைக் கடந்து, கிடைத்தது என்ற ஒப்புகையும் திரும்பி வருவதற்குச் சராசரியாக எத்தனை முறை அனுப்பவேண்டியிருக்கும் என்பதே அந்த எண். போகும் திசையில் செய்தி சேரும் வாய்ப்பையும், திரும்பும் திசையில் ஒப்புகை சேரும் வாய்ப்பையும் பெருக்கி, ஒன்றை அந்தப் பெருக்குத்தொகையால் வகுத்தால் அது கிடைக்கும். வழி முழுவதற்கும் வேண்டுமென்றால், வழியிலுள்ள இணைப்புகளின் எண்களைக் கூட்டிக்கொள்ளவேண்டியதுதான்.

ஓர் எடுத்துக்காட்டைக் கையில் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு கணுவிலிருந்து சேகரிப்பு முனைக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. முதல் வழி நேரடியானது, ஆனால் இரு திசைகளிலும் பாதிச் செய்திதான் சேரும், 0.5ஐ 0.5ஆல் பெருக்கினால் 0.25, ஆகவே சராசரியாக நான்கு முறை அனுப்பவேண்டும். இரண்டாம் வழியில் இரண்டு தாவல்கள், ஒவ்வொன்றிலும் இரு திசையிலும் 90 சதவீதம் சேரும். ஒரு தாவலுக்கு 1.23, இரண்டுக்கும் சேர்த்து 2.47. மூன்றாம் வழியில் மூன்று தாவல்கள், ஒவ்வொன்றும் 99 சதவீதம் சேரக்கூடிய மிகத் தூய இணைப்பு; ஒரு தாவலுக்கு 1.02, மொத்தம் 3.06. குறைந்த தாவலுள்ள வழியும் தோற்கிறது, மிகச் சுத்தமான இணைப்புகளால் ஆன வழியும் தோற்கிறது, நடுவிலுள்ளதே வெல்கிறது. ஒவ்வொரு முறை அனுப்புவதும் பேட்டரியிலிருந்து ஒரு துளி எடுப்பது என்பதால், இ.டி.எக்ஸ் என்பது ஏறக்குறைய மின்செலவின் கணக்கும் ஆகிவிடுகிறது. இந்தத் துறையில் நடந்த மேம்பாடுகளில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னால், நான் இதைத்தான் சொல்வேன். புதிய வழிமுறை எதையும் இது கண்டுபிடிக்கவில்லை. பழைய மரத்தையே வைத்துக்கொண்டு, எதை எண்ணுவது என்பதை மட்டும் மாற்றியது.

திரும்பும் திசையை ஏன் கணக்கில் சேர்க்கவேண்டும் என்ற கேள்வி எழலாம். ரேடியோ இணைப்புகள் பலவும் ஒருதலையானவை. அ என்ற கணு சொல்வது ஆ என்ற கணுவுக்குக் கேட்கும், ஆ சொல்வது அ என்ற கணுவுக்குக் கேட்காது. ஒன்றின் பேட்டரி இறங்கியிருக்கலாம், ஒன்றின் அருகில் இரைச்சல் இருக்கலாம். ஒப்புகை வராவிட்டால் அனுப்பியவர் செய்தி சேரவில்லை என்று எண்ணி மறுபடி மறுபடி அனுப்புவார், போய்ச் சேர்ந்த செய்தியையே. செலவு அதேதான்.

இனி, இந்த வாய்ப்புகளைக் கணு எப்படி அறியும்? தொடக்கத்தில் எல்லோரும் குறித்த இடைவெளியில் சோதனைச் செய்திகளை அனுப்பி, எத்தனை வந்தன என்று எண்ணினார்கள். அது மெதுவானது, செலவும் மிகுந்தது. இணைப்பு கெட்டுப்போன பிறகும் பல நிமிடங்கள் பழைய நல்ல மதிப்பெண்ணையே கணு நம்பிக்கொண்டிருக்கும். பின்னர் வந்த மதிப்பீட்டு முறைகள், எப்படியும் அனுப்பப்போகும் தகவல் செய்திகளையே சோதனையாகக் கொண்டன: ஐந்து அனுப்பி நான்குக்கு ஒப்புகை வந்தால், அதுவே அந்த இணைப்பின் இன்றைய மதிப்பெண். தனியாக ஒரு செய்தியும் வீணாகவில்லை. அதோடு, அதிகம் பயன்படும் இணைப்பே அதிகம் அளக்கப்படுகிறது என்ற வசதியும் கூடக் கிடைத்தது.

சுழல்களும் மௌனமும்

சரியான எண்ணைத் தேர்ந்துகொண்டாலும் இரண்டு தொல்லைகள் மிஞ்சின. ஒன்று, சுழல். ஆ என்ற கணுவுக்குத் தாய்க்கணுவுடன் இருந்த இணைப்பு அறுந்துவிடுகிறது. அது அண்டையிலுள்ள அ என்ற கணுவைப் பார்க்கிறது. அந்தக் கணுவின் விலை, அதாவது அங்கிருந்து சேகரிப்பு முனைவரை ஆகும் இ.டி.எக்ஸ் கூட்டுத்தொகை, குறைவாக இருப்பதாகப் பழைய குறிப்பு சொல்கிறது. ஆகவே அந்தக் கணுவைத் தாயாக்கிக்கொள்கிறது. ஆனால் அ என்ற கணுவோ இத்தனை நாளும் ஆ என்ற கணுவை நம்பித்தான் அந்த விலையைச் சொல்லிக்கொண்டிருந்தது. இனிச் செய்திகள் இரண்டுக்கும் நடுவே பந்தாடப்படும், நினைவகம் நிரம்பும், பேட்டரி கரையும், சேகரிப்பு முனைக்கு ஒன்றும் வராது.

மற்றொன்று, அறிவிப்புகளை எவ்வளவு அடிக்கடி அனுப்புவது என்பது. அடிக்கடி அனுப்பினால் மாற்றங்கள் விரைவில் பரவும், பேட்டரி போய்விடும். அரிதாக அனுப்பினால் பேட்டரி தங்கும், சுழல்கள் நீடிக்கும். பத்து விநாடியா, முப்பது விநாடியா என்று நடுவில் ஏதோ ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்து, இரண்டு பக்கமும் பாதிப் பாதி நட்டப்படுவதே முதலில் இருந்த வழக்கம்.

இரண்டாம் சிக்கலைத் தீர்த்தது டிரிக்கிள் என்ற எளிய நெறிமுறை, அதாவது கணுக்கள் தமக்குள் பேசிக்கொள்வதற்கான விதித்தொகுப்பு. பிலிப் லெவிஸ், நீல் பட்டேல், டேவிட் கல்லர், ஸ்காட் ஷெங்கர் ஆகியோர் 2004இல் இதை வெளியிட்டபோது, கணுக்களுக்குப் புதிய நிரலைப் பரப்புவதே நோக்கமாக இருந்தது. அதன் விதி மிகச் சுருக்கமானது. எல்லாம் ஒழுங்காக இருக்கும்வரை, அறிவிப்புக்கு இடையிலான இடைவெளியை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கு. முரண் ஏதாவது கண்ணில் பட்டால், உடனே இடைவெளியை மிகச் சிறியதாக்கு. உன் அண்டைகள் பலர் அதே விஷயத்தை இந்தச் சுற்றில் ஏற்கெனவே சொல்லிவிட்டால், நீ வாயை மூடிக்கொண்டிரு. தெருவில் எல்லோருக்கும் தெரிந்துபோன செய்தியை மறுபடி சொல்ல யாரும் மெனக்கெடுவதில்லை. புதிதாக ஒன்று நடந்துவிட்டால் மட்டும் திண்ணைக்குத் திண்ணை பேச்சு பறக்கும். அதே நடைமுறைதான் இது.

முதல் சிக்கலையும் இதையும் ஒன்றாகப் பிணைத்துத் தீர்த்தது சி.டி.பி என்ற சேகரிப்பு மர நெறிமுறை. ஓம்பிரகாஷ் நவாலி, ரோட்ரிகோ ஃபொன்செக்கா, கைல் ஜேமிசன், டேவிட் மாஸ், பிலிப் லெவிஸ் ஆகியோர் 2009இல் அதன் விரிவான ஆய்வை வெளியிட்டார்கள். தகவல் செய்தியே வழியைச் சோதிக்கட்டும் என்பது அதன் மையக் கருத்து. ஒவ்வொரு செய்தியிலும் அதை அனுப்பும் கணு, சேகரிப்பு முனைக்குத் தன் இ.டி.எக்ஸ் விலை எவ்வளவு என்பதையும் எழுதிவிடுகிறது. முறையாகப் போகும் செய்தி, ஒவ்வொரு தாவலிலும் விலை குறைந்த கணுவை நோக்கியே இறங்கிச் செல்லவேண்டும், தண்ணீர் பள்ளம் நோக்கிப் போவதைப்போல. தன்னிடம் வந்த செய்தியில் எழுதியிருக்கும் விலை தன் விலையைவிட அதிகமாக இல்லையென்று ஒரு கணு கண்டால், எங்கோ யாரோ பழைய தகவலை நம்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். அந்தக் கணத்தில் அது தன் டிரிக்கிள் இடைவெளியைச் சுருக்கி, தன் உண்மையான விலையை அறிவிக்கிறது. ஆனால் செய்தியை எறிந்துவிடுவதில்லை. வழி திருந்தும் என்ற நம்பிக்கையில் அதையும் அனுப்பிவைக்கிறது.

இதன் நயம் என்னவென்றால், சுழல் இருக்கிறதா என்று யாரும் தேடி அலைவதில்லை. செய்தி எதுவும் போகாத ஒரு வழியில் சுழல் இருந்தால், அது யாருக்கும் தீங்கு செய்யவில்லை. அதைத் திருத்துவதற்குச் செலவழிப்பதும் வீண். செய்தி போகத் தொடங்கிய உடனே சுழல் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். சி.டி.பியில் அறிவிப்பின் இடைவெளி 64 மில்லிவிநாடியில் தொடங்கி, ஒழுங்கு நிலவும்போது ஒரு மணிநேரம் வரை விரிகிறது. இதை அவர்கள் பன்னிரண்டு சோதனை வலையமைப்புகளில் ஓட்டிப் பார்த்தார்கள். சேர்ந்த செய்திகளின் பங்கு 90 சதவீதத்துக்கு மேலும், பலவற்றில் 99.9 சதவீதத்தை எட்டியும் இருந்தது.

இந்த எண்ணின் அருமை விளங்க, முன்பு நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சான்று போதும். நெதர்லாந்தில் 2005ஆம் ஆண்டு, உருளைக்கிழங்கைத் தாக்கும் கருகல் நோய்க்கு வாய்ப்பான ஈரமும் வெப்பமும் வயலில் எங்கே நிலவுகின்றன என்று அறிவதற்காகச் சுமார் நூறு கணுக்களை வைத்தார்கள். முடிவில் சேகரிக்கக் கிடைத்தது, எதிர்பார்த்த தகவலில் ஏறக்குறைய 2 சதவீதம். வழிச்செலுத்தல் ஒன்று மட்டுமே அதற்குக் காரணம் இல்லை. சிறுசிறு மென்பொருள் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டன. ஆனால் தங்கள் தோல்வியை அந்த ஆய்வாளர்கள் ஒளிவுமறைவின்றி எழுதியது, வெற்றிக் கட்டுரைகள் பலவற்றைவிட இந்தத் துறைக்குப் பயன்பட்டது என்பது என் எண்ணம்.

இணையப் பொறியாளர்களின் தர அமைப்பான ஐ.இ.டி.எஃப், 2012 மார்ச்சில் வெளியிட்ட ஆர்.பி.எல் என்ற நெறிமுறை இதே பரம்பரையைச் சேர்ந்தது. கணுக்களுக்கு இணைய முகவரி கொடுத்து, சேகரிப்பு முனையிலிருந்து கணுக்களை நோக்கிக் கீழ்த்திசையிலும் செய்தி அனுப்ப அது வழிசெய்கிறது. டிரிக்கிளை அப்படியே எடுத்துக்கொண்டது. எந்த அளவுகோலை எண்ணுவது என்பதைத் தனியாகப் பிரித்து, அமைப்பவரின் விருப்பத்துக்கு விட்டது. அத்தகைய அளவுகோல் விதி ஒன்றில் உள்ள சிறு நுணுக்கம் கவனிக்கத்தக்கது: புதிய தாய்க்கணு பழையதைவிட இ.டி.எக்ஸ் கணக்கில் 1.5 அளவுக்காவது மேலாக இருந்தால்தான் மாறவேண்டும் என்று அது பரிந்துரைக்கிறது. அளவீட்டில் எப்போதும் சிறு ஏற்ற இறக்கம் இருக்கும். ஒவ்வொரு சிறு ஆதாயத்துக்கும் கட்சி மாறிக்கொண்டிருந்தால், மரம் ஒருபோதும் நிலைகொள்ளாது.

வாசலருகே இருப்பவர்களின் பாரம்

இதுவரை ஒவ்வொரு செய்திக்கும் நல்ல வழி எது என்று பார்த்தோம். எல்லாச் செய்திகளும் சேர்ந்து என்ன செய்கின்றன என்பது வேறு கேள்வி. சேகரிப்பு முனையை நடுவில் வைத்து, அதைச் சுற்றி ஐந்து தாவல் தொலைவு வரை கணுக்கள் சீராகப் பரவியிருப்பதாகக் கொள்வோம். முதல் வளையத்தின் பரப்பு மொத்தப் பரப்பில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. ஆகவே கணுக்களில் 4 சதவீதம் அங்கே இருக்கின்றன. அனைவருடைய செய்தியும் அந்த 4 சதவீதத்தின் தோளில்தான் ஏறவேண்டும். வெளி வளையத்திலுள்ள கணு தன் ஒரு செய்தியை அனுப்பும் நேரத்தில், உள் வளையக் கணு சராசரியாக 25 செய்திகளை அனுப்புகிறது. அவை முதலில் இறந்துவிடும். அதன்பிறகு வெளியே பேட்டரி நிறைய இருந்தும், உள்ளே வர வழி இல்லாமல் வலையமைப்பு ஊமையாகிவிடும்.

மீதமுள்ள பேட்டரியையும் விலையில் சேர்த்துக்கொள்வது ஒரு தீர்வு. களைத்த கணுவின் விலை ஏற ஏறச் செய்திகள் அதைத் தவிர்த்துப் போகும். ஆனால் இது உள் வளையத்துக்குள் பாரத்தைப் பகிரும், குறைக்காது. உண்மையில் குறைப்பது வழியிலேயே தொகுப்பது. வயலின் சராசரி வெப்பநிலைதான் வேண்டுமென்றால், ஒவ்வொரு கணுவும் தன்கீழ் உள்ளவற்றின் கூட்டுத்தொகையையும் எண்ணிக்கையையும் மட்டும் மேலே அனுப்பினால் போதும். நூறு செய்திகள் ஒரு செய்தியில் அடங்கிவிடும். சராசரியையே அனுப்பினால் மேலே உள்ளவர் அவற்றைச் சரியாகச் சேர்க்க முடியாது என்பதைப் புதிதாக நிரல் எழுதுபவர்கள் ஒருமுறையாவது தவறவிடுவார்கள். பாலத்தின் அதிர்வைப்போல ஒவ்வொரு அளவும் தனித்தனியே தேவைப்படும் இடங்களில் இந்த உத்தி கைகொடுக்காது.

பாரத்தைச் சுழற்சி முறையில் பகிர்வதற்கு மிகவும் பேர்பெற்றது லீச் என்ற நெறிமுறை. வெண்டி ஹைன்செல்மன், அனந்த சந்திரகாசன், ஹரி பாலகிருஷ்ணன் ஆகியோர் 2000ஆம் ஆண்டில் அதை முன்வைத்தார்கள். கணுக்கள் சிறு குழுக்களாகப் பிரிகின்றன. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைமைக் கணு. உறுப்பினர்களின் தகவலைத் தொகுத்துத் தலைவரே சேகரிப்பு முனைக்கு அனுப்புவார். அந்தப் பொறுப்பு சுற்றுக்குச் சுற்று மாறும். அவர்கள் கணினியில் நடத்திப் பார்த்த உருவகப்படுத்தலில், நூறு கணுக்களில் ஐந்து தலைவர்களாக இருப்பது ஏறக்குறைய சிறந்த விகிதமாக இருந்தது. தொகுப்பதையும் சுழற்றுவதையும் ஒன்றாக்கிய நல்ல சிந்தனை அது. ஆனால் எந்தக் கணுவும் சேகரிப்பு முனையோடு நேரடியாகப் பேசமுடியும் என்று அது எடுத்துக்கொள்கிறது. தோட்டமோ மலைச்சரிவோ அகலமாக இருந்தால் அந்த எடுகோள் நிற்காது. கல்லூரித் திட்டப்பணிகளில் மேம்படுத்தப்பட்ட லீச் என்ற பெயரில் குவியும் கட்டுரைகளைப் படிக்கும்போது, இணைப்பின் தரத்தை அந்த உருவகப்படுத்தல் எப்படிக் கையாள்கிறது என்று முதலில் பார்க்கும்படி மாணவர்களுக்குச் சொல்வேன். பெரும்பாலும் அங்கே மறுபடியும் அந்தப் பழைய வட்டம்தான் இருக்கும்.

யார் முதலில் விழிக்கிறாரோ

ரேடியோவை நூறில் ஒரு பங்கு நேரம்தான் திறக்கமுடியும் என்று பார்த்தோம். அப்படியானால் அனுப்புபவர், தாய்க்கணு விழிக்கும்வரை காத்திருந்து அல்லது திரும்பத் திரும்ப அழைத்துத்தான் கொடுக்கவேண்டும். அரை விநாடிக்கு ஒருமுறை விழிப்பதாகக் கொண்டால், சராசரிக் காத்திருப்பு 250 மில்லிவிநாடி. பத்துத் தாவலுக்கு இரண்டரை விநாடி. மண்ணீரத்தை அளப்பவருக்கு இது பொருட்டல்ல. மூணாறு அந்தோணியார் காலனியில் அமிர்தா பல்கலைக்கழகம் அமைத்ததைப்போன்ற நிலச்சரிவு எச்சரிக்கை அமைப்பை வடிவமைப்பவர், செலவோடு இந்தத் தாமதத்தையும் எடைபோட்டுப் பார்த்தாகவேண்டும்.

ஒலாஃப் லான்ட்சீடலும் அவருடைய குழுவினரும் 2012இல் இதற்கு ஒரு மாற்றை வைத்தார்கள். ஒரே தாய்க்கணுவைக் குறித்துவைத்துக்கொண்டு அது எழும்வரை ஏன் காத்திருக்கவேண்டும்? சேகரிப்பு முனைக்குத் தன்னைவிட நெருக்கமான அண்டைகளில் யார் முதலில் விழிக்கிறாரோ, அவர் வாங்கிக்கொள்ளட்டும். அத்தகைய அண்டைகள் நான்கு பேர் இருந்து, தனித்தனி நேரங்களில் விழிப்பவர்களாக இருந்தால், மேற்சொன்ன சராசரிக் காத்திருப்பு 250இலிருந்து 100 மில்லிவிநாடியாகக் குறையும். அழைத்துக்கொண்டிருக்கும் நேரம் குறைவதால் மின்செலவும் குறையும். ஒரே செய்தியை இருவர் வாங்கிவிடும் தொல்லை வரும். அதற்குத் தனி ஏற்பாடு தேவைப்பட்டது. இதில் விலையின் அலகும் மாறிவிட்டதைக் கவனியுங்கள்: எத்தனை முறை அனுப்பவேண்டும் என்ற எண்ணின் இடத்தில், எத்தனை விழிப்புகள் காத்திருக்கவேண்டும் என்ற எண் வந்து அமர்ந்தது.

இன்னும் ஒரு படி மேலே போய், வழியே வேண்டாம் என்றவர்களும் உண்டு. சூரிச்சில் ஃபெடரிக்கோ ஃபெராரியும் உடன் பணியாற்றியவர்களும் 2011இல் வெளியிட்ட கிளாசி என்ற முறை, நாம் தொடக்கத்தில் ஒதுக்கிவைத்த வெள்ளப் பரப்பலையே மீண்டும் கொண்டுவந்தது. பல கணுக்கள் ஒரே செய்தியை ஒரே நேரத்தில், அரை மைக்ரோவிநாடி வேறுபாட்டுக்குள் அனுப்பினால், அலைகள் ஒன்றையொன்று அழிக்காமல் பெறுபவருக்குத் தெளிவாகக் கேட்கும் என்பதை அவர்கள் நடைமுறைப்படுத்தினார்கள். செய்தி சில மில்லிவிநாடிகளில் வலையமைப்பு முழுவதையும் அடைந்துவிடுகிறது. அண்டைகளின் பட்டியல் இல்லை, தாய்க்கணு இல்லை, இணைப்பின் மதிப்பெண் இல்லை. ஆனால் ஒவ்வொரு செய்திக்கும் எல்லாரும் எழுந்து நிற்கவேண்டும், எல்லாருடைய கடிகாரமும் ஒன்றாக ஓடவேண்டும். சில டசின் கணுக்கள் சிறுசிறு அளவுகளைக் குறித்த நேரத்தில் அனுப்பும் கட்டடத்தில் அந்த விலை கொடுக்கத் தகும். ஒவ்வொரு கணுவும் மணிக்கணக்கான அதிர்வுப் பதிவை அனுப்பவேண்டிய நீண்ட பாலத்தில், ஒரு கோடியிலுள்ள கணுவின் ஒவ்வொரு செய்திக்கும் மறுகோடியிலுள்ளதையும் எழுப்புவது கட்டுப்படியாகாது. அங்கே இன்றும் யாராவது உட்கார்ந்து வழியைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டியிருக்கிறது.